மயில் அடையும் மரம்: மைமலில் காத்திருந்து எண்ணுவது எப்படி

2025 மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணிக்கு இலங்கை முழுக்க ஐந்து நிமிடம் விலங்கு எண்ணச் சொன்னார்கள். குரங்கு, மந்தி, மர அணில், மயில். எட்டு மணியிலிருந்து எட்டு ஐந்து வரை அவரவர் காணிக்குள் நிற்பதை எண்ணித் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். நானும் கச்சான் தோட்டத்து வேலியோரம் கொப்பியும் பேனையுமாக நின்றேன். என் கணக்கு: குரங்கு பதினொன்று, மயில் ஒன்று. அந்த ஒன்றும் பக்கத்துக் காணிக்குப் போகிற வழியில் என் காணியைக் குறுக்கே கடந்ததுதான்.

அன்று பொழுதுபட்ட பிறகு, அதே காணிக்குப் பின்னால் குளக்கட்டில் நிற்கிற பாலை மரத்தில் நான் எண்ணியது இருபத்து மூன்று.

காலை எட்டு மணிக்கு மயிலை எண்ணுவது, சந்தை கலைந்த பிறகு போய் ஆட்களை எண்ணுகிற மாதிரி. விடிந்ததும் மரத்தை விட்டு இறங்கி ஆளுக்கொரு திசையாகப் போய்விடும். வெயில் ஏற ஏறப் பற்றைக்குள் ஒதுங்கிவிடும். ஊர் மயில் எல்லாம் ஓரிடத்தில் சேருவது இராத்திரி அடைகிற மரத்தில் மட்டும்தான். ஆகவே கச்சானை எத்தனை மயில் கிளறுகிறது, ஐப்பசியில் விதைத்த நெல்லை எத்தனை பொறுக்குகிறது என்று சரியாகத் தெரிய வேண்டுமா, மைமலில், பொழுதுபட்டு இருட்டுகிற நேரத்தில், போய் இருங்கள். படம் எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கும் இதே வழிதான்.

இது என் வித்தை இல்லை, வேட்டைக்காரரின் வித்தை. என் அப்பா இடியன் துவக்கோடு, வாய்வழியாக மருந்து இடித்துச் சுடுகிற நாட்டுத் துப்பாக்கியோடு, காடு திரிந்தவர். நான் சட்டைப்பையில் புளியங்கொட்டையோடு போகிறேன். துவக்கு ஏன் இல்லை என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான். 1937ஆம் ஆண்டிலிருந்து இந்த நாட்டில் வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. காட்டுக்கோழி நாட்டின் தேசியப் பறவை, இலங்கையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. மயில் பயிரை அழிக்கிறது என்று எனக்கும் வயிற்றெரிச்சல் உண்டு. அதைத் தீர்க்கிற இடம் அடைகிற மரம் இல்லை.

அப்பாவும் அந்த மரத்துக்குக் கீழே வெடி வைத்ததில்லை. அது இரக்கத்தால் வந்த பழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். "அடையிற மரத்தில வெடி வைச்சா அண்டைக்கு ஒண்டு விழும், பிறகு அந்தப் பக்கமே ஒண்டும் வராது" என்பார். வேட்டை, பறவை வந்து போகிற வழியில்தான் நடக்க வேண்டும், அது அடைகிற வாசலில் இல்லை. இந்த ஒன்றை மறக்காமல் இருந்தால் மற்றதெல்லாம் தானாக வரும்.

இதையே எனக்குப் புதிதாகச் சொல்லித்தர வந்தான் கனடாவில் இருக்கிற மச்சான். ஒன்ராறியோவில் அவன் காட்டு வான்கோழி வேட்டைக்கு உரிமம் எடுத்திருக்கிறான். அங்கே அந்தப் பறவை ஒரு காலத்தில் அடியோடு அற்றுப்போய், 1984இல் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்டுத் திரும்பப் பெருக்கியிருக்கிறார்கள். வசந்த வேட்டைக் காலம் ஏப்ரல் கடைசியிலிருந்து மே முடியும்வரை. சூரியன் உதிக்க அரை மணித்தியாலம் முன்பிருந்து மாலை ஏழு மணி வரைதான் சுடலாம். முதல் நாள் மாலையில் துவக்கில்லாமல் போய், ஆந்தை மாதிரி ஒரு சத்தம் கொடுப்பானாம். மரத்தில் ஏறியிருக்கிற சேவல் வான்கோழி பொறுக்க முடியாமல் பதில் கத்துமாம். எந்தப் பக்கம் என்று குறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவான். மறுநாள் விடியமுன் இருட்டோடு போய், அந்த மரத்திலிருந்து நூறு மீற்றர் தள்ளி, பறவை இறங்கிப் போகிற பக்கமாக இருப்பான். மரத்தில் அடைந்திருக்கிற வான்கோழியைச் சுடுவது அமெரிக்காவின் சில மாநிலங்களில் குற்றமாம்.

"மச்சான், இதை எங்கட அப்பா கொப்பி பென்சில் இல்லாமலே செய்தவர்" என்றேன். சிரித்தான். ஆனால் அவன் சொன்னதில் அப்பா சொல்லாத ஒன்றும் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் வேலை மரத்தைக் கண்டுபிடிப்பது. அதற்குக் காட்டுக்குள் போகக் கூடாது. காதால் தேட வேண்டும். பொழுதுபடுகிற நேரம் வீட்டு முற்றத்திலோ குளக்கட்டிலோ நின்று கேளுங்கள். மயில் மரத்தில் ஏறுமுன்னும் ஏறிய பிறகும் அகவும். ஒன்று கத்தினால் தூரத்தில் இன்னொன்று எடுக்கும். கோடை இடி முழங்கினாலும், குளத்துக்கு அந்தப் பக்கம் யாராவது யானை விரட்டுகிற யானை வெடி கொளுத்தினாலும் எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் கத்தும். மச்சானின் ஆந்தைச் சத்தத்துக்கு எங்கள் ஊர் மாற்று அந்த யானை வெடிதான், நாங்கள் கொளுத்தத் தேவையில்லை. சத்தம் வந்த திசைக்கு நேரே ஒரு கம்பை மண்ணில் கிடத்துங்கள். மறுநாள் இருநூறு அடி தள்ளி நின்று இன்னொரு கம்பு. இரண்டு கம்பின் கோடும் சந்திக்கிற இடத்தில் மரம். மாசி, பங்குனியில் இது லேசு, சேவல்கள் அடங்காமல் கத்துகிற காலம். தோகை உதிர்த்த பிறகு அவை ஊமை மாதிரி. அப்போது கண்ணைத்தான் நம்ப வேண்டும்.

பிறகு நடுப்பகலில், பறவை இல்லாத நேரத்தில், அந்த மரத்தடிக்கு ஒரு தடவை மட்டும் போங்கள். கீழே எச்சம் இருக்கும். நேற்றைய எச்சம் ஈரமாக, வெள்ளைத் தொப்பி போட்ட மாதிரி இருக்கும். பழையது வெயிலில் சுண்ணாம்பாகப் பொரிந்து, தொட்டால் உதிரும். இரண்டும் கலந்து கிடந்தால் நிரந்தர மரம். பழையது மட்டும் கிடந்தால் குடி பெயர்ந்துவிட்டது, வேறு மரம் பாருங்கள். மயில் தெரிந்தெடுக்கிறது உயரமான, கீழ்ப்பக்கம் கிளை குறைந்த, உச்சியில் வெளி உள்ள மரம்: பாலை, குளத்தோரத்து மருது, தண்ணீருக்குள் பட்டுப்போய் நிற்கிற மொட்டை மரங்கள். போர் முடிந்து நாங்கள் 2010இல் ஊருக்குத் திரும்பி வந்தபோது, கூரையில்லாத எங்கள் வீட்டுச் சுவரின் மேல் ஆறேழு அடைந்துகொண்டிருந்தன. எங்களைப் பார்த்து அவைதான் முறைத்தன, யாருடைய காணி என்று கேட்கிற மாதிரி.

அடுத்தது வழி. மயில் எங்கிருந்தோ பறந்து வந்து நேராக உச்சியில் குந்துவதில்லை. கடைசித் தூரத்தை நடந்துதான் வரும். குளக்கட்டு, மாட்டுவண்டிப் பாதை, அலைகரை, வாய்க்கால் வரம்பு, இப்படி வெளியான இடமாகப் பார்த்து, மேய்ந்தும் மேயாமலும் வரும். மரத்துக்குக் கிட்டே ஒரு வெட்டை, மரம் பற்றை இல்லாத வெளி, இருக்கும். அங்கே நின்று இறகு கோதும், கழுத்தை நீட்டி மேலே பார்க்கும், ஒன்றை ஒன்று பார்க்கும். யார் முதலில் என்று தயங்குகிற மாதிரி. அந்த வெட்டையில் கால் தடமும் மண் குளித்த குழியும் கிடக்கும். எண்ணுகிற இடம் அதுதான், மரம் இல்லை. மரத்தில் ஏறிவிட்டால் இலைக்குள் பாதி மறைந்துவிடும்.

இப்போது எங்கே இருப்பது? வெட்டையிலிருந்து அறுபது எழுபது கவடு (நடக்கிற எட்டு) தள்ளி, அவை வருகிற வழிக்குப் பக்கவாட்டில். வழிக்கு நேரே இருந்தால் நேரே உங்கள் முகத்துக்கு வந்து, திரும்பிப் போய்விடும். திசையும் முக்கியம். எண்ணுகிறவர் மரத்துக்குக் கிழக்கே இருக்க வேண்டும். அப்போது மரமும் பறவையும் மேற்கு வானத்தின் செக்கலில் கறுப்பாக, வெட்டி ஒட்டின மாதிரி தெரியும். சூரியன் மறைந்து இருபது நிமிடம் வரை எண்ணலாம். படம் எடுக்கிறவர் எதிர்ப்பக்கம், மேற்கை முதுகுக்கு வைத்து, ஒரு மணித்தியாலம் முன்பே போக வேண்டும். நிறம் வேண்டுமென்றால் சூரியன் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் செய்யப் போய் நான் இரண்டையும் கெடுத்திருக்கிறேன்.

மச்சான் சொன்ன புதுசு இங்கேதான் வருகிறது. உங்கள் தோளை விட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து இருக்க வேண்டுமாம். அவனுக்கு அது பின்னாலிருந்து வேறொரு வேட்டைக்காரன் தவறிச் சுடாமலிருக்க. எங்களுக்கு வேறு காரணத்தால் உதவுகிறது. மனித உருவத்தின் ஓரம் தெரியாது. மயிலுக்கு மணம் பிடிக்கிற மூக்கு பெரிதில்லை, ஆனால் கண் இருக்கிறதே, அது ஊர்க் கிழவிகளின் கண். அசையாத மனிதனை மரத்தோடு மரமாக விட்டுவிடும். கொசுவுக்குக் கையைத் தூக்கினால் முடிந்தது. வேப்பெண்ணெயைத் தேங்காயெண்ணெயில் கலந்து முதலே பூசிக்கொள்ளுங்கள்.

சாயுமுன் அந்த மரத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்க்கவும். நான் பார்க்கவில்லை. ஒரு கூழா மரத்தில் சாய்ந்து, அருமையான இடம் கிடைத்தது என்று மகிழ்ந்து இருந்தேன். மேலே இலைகளை ஒட்டித் தைத்து முசிறு கூடு, கடிக்கிற சிவப்பு எறும்பு. ஏழெட்டு மயில் வெட்டைக்கு வந்து நிற்கிறது, முசிறு கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்குகிறது. எழும்பினால் மயில் போகும், எழும்பாவிட்டால் நான் போவேன். நாலு நிமிடம் பல்லைக் கடித்தேன், அதற்கு மேல் முடியவில்லை. சட்டையைக் கழற்றி எறிந்துகொண்டு குளத்துக்குள் பாய்ந்தேன். அன்றைய பக்கத்தில் கொப்பியில் ஒரு கோடு மட்டும் இழுத்திருக்கிறது.

உடுப்பு: வெள்ளைச் சாரம், வெள்ளை பெனியன் வேண்டாம். மண் நிறம், பழைய பச்சை, எதுவானாலும் சரி, வெளுத்துப்போனது நல்லது. முகமும் கையும்தான் அதிகம் காட்டிக்கொடுக்கும். ஈச்சம் ஓலை நாலைந்தை முன்னால் குத்தி வைத்தால் போதும், பெரிய மறைப்பெல்லாம் கட்டத் தேவையில்லை. புதிதாக முளைத்த கொட்டிலைப் பார்த்து மயில் ஒரு கிழமை வராமலிருந்ததும் உண்டு.

நேரம். கார்த்திகையில் எங்கள் பக்கம் ஐந்து ஐம்பதுக்கே பொழுது படும், ஆனியில் ஆறரை ஆகும். எந்த மாதமானாலும் பொழுதுபட ஒரு மணித்தியாலம் முன்பு இருக்கையில் இருந்துவிட வேண்டும். பிந்திப் போவதை விடப் போகாமலிருப்பது நல்லது. வெட்டையில் கூடி நிற்கிறதைக் கலைத்துவிட்டால் அவை இருட்டில் கிடைத்த மரத்தில் ஏறும், மறுநாள் கணக்கும் பிழைக்கும். சோளகம் வீசுகிற நாளில் இலைச் சத்தம் உங்கள் காலடியை மூடிவிடும், அது வசதி. வாடை பலமாக வீசினால் உச்சியை விட்டு, காற்றுப் படாத பக்கத்துக் கீழ்க் கிளைகளுக்கு இறங்கி அடையும். வழக்கமான மரத்தில் காணவில்லை என்று அவசரப்பட்டு எழும்ப வேண்டாம்.

எண்ணுவது இப்படி. வலது பையில் புளியங்கொட்டை ஐம்பது, கூடவே இலுப்பங்கொட்டை இருபது. பேடு ஒன்று ஏறினால் புளியங்கொட்டை ஒன்று இடது பைக்குப் போகும். தோகைச் சேவல் ஏறினால் இலுப்பங்கொட்டை. தொட்டாலே எது எதுவென்று தெரியும், புளியங்கொட்டை தட்டையாக வழுவழுப்பாக இருக்கும், இலுப்பை நீளமாக இருக்கும். குனிய வேண்டாம், எழுத வேண்டாம், போனை எடுத்து வெளிச்சம் காட்ட வேண்டாம். கண் பறவையில் இருக்க, விரல் கணக்குப் பார்க்கும். மனதில் எண்ணினால் பதினாறுக்கும் பதினேழுக்கும் இடையில் ஒரு சேவல் தோகையை உதறும், எண்ணிக்கை போய்விடும்.

ஏறுவதைப் பார்க்க ஒரு தனிப் பொறுமை வேண்டும். முதலில் ஒரு பேடு இரண்டடி ஓடி எழும்பி, கீழ்க் கிளையில் குந்தும். அங்கே நின்று கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பும். பிறகு அடுத்த கிளை, பிறகு அதற்கும் மேல். படி ஏறுகிற மாதிரித்தான். தோகைச் சேவலுக்கு வேலை அதிகம். நீளமாக ஓடிவந்து, சிறகை அடிஅடியென்று அடித்து, தோகை பின்னால் ஈரத்துணி மாதிரி இழுபட ஏறும். எண்ணுகிறவர் செய்கிற பெரிய பிழை, கிளை மாறுகிறதைப் புதிய வரவாக எண்ணிவிடுவது. தரையை விட்டு எழும்புகிற கணத்தில் மட்டும் கொட்டையை மாற்றுங்கள். பறந்து போய்த் திரும்பி வந்தால், போனபோது ஒரு கொட்டையை எடுத்து வலது பைக்கே போட்டுவிடுங்கள். நாலு மாலை எண்ணி, அதில் கூடின கணக்கை வைத்துக்கொள்ளலாம். சராசரி எடுக்காதீர்கள். நீங்கள் காணாமல் விட்டது இருக்கலாம், இல்லாததைக் கண்டிருக்க முடியாது.

காட்டுக்கோழி வேறு கதை. அது மயில் மாதிரி ஊர்வலமாக வராது. ஒரு சேவலும் ஒன்றிரண்டு பேடும், சத்தமில்லாமல், காட்டு விளிம்பில் சருகு கிளறிக்கொண்டு வரும். "டொக், ஜோ ஜோயிச்" என்று சேவல் கூவுகிறதைக் கேட்டாலே நாட்டுச் சேவல் இல்லை என்று தெரிந்துவிடும், தொண்டையில் ஏதோ சிக்கின மாதிரி ஒரு கூவல். கிட்டே கண்டால் கொண்டையைப் பாருங்கள், சிவப்புக்கு நடுவில் மஞ்சள் பூசியிருக்கும். அடைகிறதும் உச்சியில் இல்லை. மேலே இலை மூடின, கீழே கொடி படர்ந்த மரத்தில், படுக்கைவாட்டான ஒரு கிளையில். அதற்கு முப்பது கவடு கிட்டே போக வேண்டும், மைமலில் எண்ணவும் முடியாது, காதால்தான் முடியும். சிறகடி ஒன்று, கொஞ்சம் கழித்து இன்னொன்று, பிறகு பேட்டின் மெல்லிய முனகல், அப்புறம் ஒன்றுமில்லை. நான் மூன்று வருடத்தில் சரியாகப் பார்த்தது ஐந்து தடவைதான். தொடங்குகிறவர்கள் மயிலிலேயே தொடங்குங்கள்.

முடிந்தவுடன் எழும்ப வேண்டாம். கடைசிப் பறவை ஏறிய பிறகும் கிளைக்காக இழுபறி நடக்கும், ஒன்றை ஒன்று தள்ளும், கத்தும். அது அடங்கி முழு இருட்டு வரும்வரை பொறுத்து, வந்த வழியால், மரத்தைச் சுற்றி அகலமாகப் போங்கள். ரோச் லைற்றைக் கால் மாட்டில் மட்டும் பிடியுங்கள். ஒரு தடவை ஆசைக்கு மேலே அடித்துப் பார்த்தேன். மரமே உடைகிற மாதிரி ஒரு சத்தம். மயிலுக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது. ஒன்று கிளையில் மோதி, இன்னொன்றோடு முட்டி, நேராகக் குளத்துத் தண்ணீரில் விழுந்தது. சிறகடிப்பு கொஞ்ச நேரம் கேட்டது. கரை ஏறியதா இல்லையா என்று அன்றிரவு நான் பார்க்கவில்லை, விடிய வந்து பார்த்தபோது சேற்றில் நரிக் காலடி இருந்தது. அந்த மரத்துக்குப் பிறகு பதினொரு நாள் ஒன்றும் வரவில்லை. அப்பா சொன்னது வெடிக்கு மட்டும் பொருந்துவதில்லை என்று அன்றுதான் விளங்கியது.

ஆபத்துகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், வன்னியில் இருப்பவருக்குத் தெரிந்ததுதான், வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்காக. மிதிவெடிப் பலகை நிற்கிற இடத்துக்கும், யாரும் நடக்காத பழைய காவலரண் பக்கமும் எந்தப் பறவைக்காகவும் போக வேண்டாம். நடந்த பாதை, உழுத காணி, குளக்கட்டு, இவ்வளவும் போதும். காட்டு விளிம்பில் பன்றிக்குக் கட்டுத்துவக்கு கட்டியிருப்பார்கள், குறுக்கே கம்பியோ நூலோ ஓடும், தட்டினால் வெடிக்கும். கட்டினவன் சொல்ல மாட்டான், ஊர்ப் பெரியவரைக் கேட்டால் எந்தப் பக்கம் போகாதே என்று சொல்வார். யானை பெரும்பாலும் பொழுதுபட்ட பிறகுதான் குளத்துக்கு இறங்கும், நீங்கள் வீட்டுக்குப் புறப்படுகிற அதே நேரம். ஆகவே மயிலுக்குக் காற்றுப் பார்க்காவிட்டாலும் யானைக்காகப் பாருங்கள். துருசுப் (மதகுப்) பக்கம் தண்ணீர் குடிக்க வருகிறது என்றால் நீங்கள் வான் (குளம் நிரம்பினால் தண்ணீர் வழிகிற இடம்) பக்கத்தால் வெளியேறுகிற மாதிரி இருக்கையைத் தெரிந்தெடுங்கள். சருகில் இருக்குமுன் கம்பால் தட்டுங்கள், புடையன் பாம்பு அசையாமல் கிடக்கும், மயிலைப் போலப் பறந்து போகாது. வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள், எந்த மரம் என்றும் சொல்லுங்கள்.

கணக்கில் சந்தேகமிருந்தால் விடிய ஒரு தடவை சரிபார்க்கலாம். வெளிச்சம் விழ அரை மணித்தியாலம் முன்பு அதே இருக்கைக்கு, இந்த முறை ரோச் இல்லாமல், தெரிந்த வழி என்பதால் கால் தானாகப் போகும். இறங்குவது ஏறுவதை விட எண்ண லேசு. ஒவ்வொன்றாகச் சிறகை விரித்துச் சறுக்கி வெட்டைக்கு வரும், தரையில் நின்று உடம்பை உதறும். மாலையில் இடது பைக்குப் போன கொட்டைகளை அப்படியே வைத்திருந்து, ஒன்று இறங்க ஒன்றாக வலது பைக்கு மாற்றுங்கள். நேற்று விடிய எனக்கு எல்லாம் இறங்கின பிறகு பையில் இரண்டு புளியங்கொட்டை மிஞ்சியது. அரை மணித்தியாலம் பொறுத்துப் பார்த்தேன். பாலையின் உச்சியில், இலைக்குள், ஒரு பேடு இன்னும் தலையைச் சிறகுக்குள் வைத்தபடி இருந்தது. மற்ற ஒன்றை இன்று மைமலில் போய்த் தேட வேண்டும்.